பிறவினை

சுங்கை சிப்புட் மஜிஸ்திரேட் கோர்ட்டில்
நான் 'நான்' என்று சொன்னால் அது நானல்ல.
திங்கட்கிழமை சைக்கிள் திருடியது நான்.
செவ்வாய்க்கிழமை குடித்துவிட்டு லாரி ஓட்டியது நான்.
இன்றைக்கு எனக்கு அறுபத்தொரு வயது,
பெயர் குப்பாயி, தகப்பன் சடையன்,
பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைப் பழம் பொறுக்கி,
பிறகு ஒன்றுமில்லை.

பதினெட்டு வருசமாய் இதுதான் வேலை.
தமிழ் உள்ளே போகும், மலாய் வெளியே வரும்.
இடையில் ஆள் இல்லை என்பது ஏற்பாடு.

லயத்துக் குழாயை அடைத்த மறுநாள்
ஆலை வாசலில், லாரி நிறுக்கும் மேடையில் ஏறி
மேனேஜர் பங்களாவைக் கொளுத்துவேன் என்றாளாம்.
வெறும் மிரட்டல் என்றால் இரண்டு வருடம் வரை.
அதில் தீ சேர்ந்தால் ஏழு.

கைப்பேசிப் பதிவு இருபத்திரண்டு விநாடி. போட்டார்கள்.
மின்விசிறிக்கு மேலே அவள் குரல்:
"என் வயிறு எரியிற மாதிரி
உன் பங்களாவும் எரியும்டா, எரியும்."

எரியும்.
எரிப்பேன் இல்லை.
எரிப்பேன் என்றால் உதடு நடுவில் ஒட்டும்,
எரியும் என்றால் கடைசியில்.
அந்த இடைவெளியில் ஏழு வருடம்.

ஸ்டேஷனில் எழுதியவன் 'பாக்கார்' என்று எழுதியிருக்கிறான்.
முன்னால் ஒரு 'தெர்' போட்டிருந்தால்
தானாய்ப் பற்றிக்கொண்டிருக்கும் பங்களா.
யாரும் கோர்ட்டுக்கு வந்திருக்கமாட்டோம்.

"வயிறு எரிகிறதா? அல்சரா?"
மஜிஸ்திரேட் உண்மையாகவே கேட்டார்.
மலாயில் மனம் நொந்தால் ஈரல் நோகும், புவான்,
எங்களுக்கு வயிறு.

ஈப்போவிலிருந்து காசு வாங்காமல் வந்த வக்கீல் மிஸ் லோ
அரசியலமைப்பின் பத்தாவது விதியைப் படித்தார்.
அதை நான் குப்பாயிக்குத் தமிழில் சொல்லவேண்டும்.
பின்னால் வரும் உட்பிரிவுகளுக்கு உட்பட்டு, அம்மா,
குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பேசும் உரிமை உண்டு.
சொல்லும்போதுதான் பார்த்தேன்,
கதவுக்கு முன்னாலேயே பூட்டைச் செய்திருக்கிறார்கள்.

பூட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
போன வருசம் ஒருத்தன் கோயில் கூட்டத்தில் மைக் பிடித்து
பக்கத்துக் கம்பத்தாரைச் சொன்ன ஒரு சொல்லுக்கு
மூன்று மோட்டார்சைக்கிள் எரிந்தது.
அன்றைக்கும் அவனுக்கு 'நான்' நான்தான்.
சொல்லச் சொல்ல என் நாக்கு கூசியது.

அரசுத் தரப்பு எழுந்தது.
விதி குடிமக்கள் என்கிறது, புவான்.
இவர் அட்டை சிவப்பு.

லயத்தில் பிறந்தவள்.
பிறந்ததைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை,
அன்றைக்குப் பேர் போட்டிருந்தால் கூலி போயிருக்கும்.
இதை அவள் சொன்னாள், நான் சொன்னேன்,
தட்டச்சு செய்யும் பெண் எதையும் தட்டவில்லை.

அது இப்போது கேள்வியல்ல என்றார் மஜிஸ்திரேட்.
பேனாவை மூடி வைத்தார். திறந்தார்.
"மொழிபெயர்ப்பாளரே, பாக்காரா, தெர்பாக்காரா?"

ஏசி சத்தம் கேட்டது.
மேனேஜர் என்னையே பார்த்தார்.
அவர் மகளும் என் மகளும் ஒரே டியூஷன்.
'சயா' என்று தொடங்கினேன்,
குப்பாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
தான் இன்னும் வாயைத் திறக்கவில்லையே என்று.

அது சாபம், புவான். மிரட்டல் அல்ல.
சபிப்பவளிடம் தீப்பெட்டி இருக்காது.
இருந்தால் எதற்குச் சபிக்கிறாள்?

கேட்டதற்கு மட்டும் பதில் என்றார்.
தெர்பாக்கார், புவான்.
அடுத்த மாதம் பதினேழுக்கு ஒத்திவைப்பு.

வராந்தாவில் பொட்டலத்துச் சோறு பிரித்துக்கொண்டே
குப்பாயி கேட்டாள்:
"நான் சொன்னது ஒரு வாய். நீ எதுக்கு அவ்வளவு நேரம் பேசின?"

பிறகு, போத்தல் மூடியைத் திருகியபடி,
"குழாய தொறந்தாங்களான்னு
உள்ள எவனாச்சும் கேட்டானா?"